மூலக்குளம் வீட்டின் ஐந்தாவது நிபந்தனை

என் பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உன் அம்மா வந்து, "அவன் எப்பவோ வச்சுட்டான், யாருக்குத் தலையாட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. நீ கேட்டது ஒரே கேள்வி. "மூலக்குளம் வீடு காலி ஆச்சா, ஆகலையா? ஒரு வார்த்தையில சொல்லுங்கப்பா." ஒரு வார்த்தையில் சொல்ல வராததால்தான் இந்தக் கடிதம். பத்தாவதில் இரண்டு தடவை தோற்றவன் எழுதுகிறேன். வாக்கியம் எங்காவது வழுக்கினால் நீயே தூக்கி நிறுத்திப் படித்துக்கொள்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கே புரிகிறது. தை மாதம் உனக்குக் கல்யாணம். பெங்களூரிலிருந்து இங்கேயே மாற்றல் வாங்கிக்கொண்டு வருகிறாய். பெண் பார்க்கப் போன அன்று உன் மாமனார், "மாப்பிள்ளைக்குச் சொந்த வீடுதானுங்களே?" என்று கேட்டார். என் வாயில் கேசரி இருந்தது. "மூலக்குளத்துல சொந்த வீடுங்க. கல்யாணம் ஆனதும் நேரா அங்கதான் குடித்தனம்" என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் ஆறு வருஷமாகச் செல்வராசு என்பவர் மனைவி, மகளோடு வாடகைக்கு இருக்கிறார் என்பதைக் கேசரியோடு சேர்த்து விழுங்கினேன். நாமோ மிஷன் வீதிக்குப் பின்னால் இன்னொருத்தர் வீட்டில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறோம். உன் அம்மா இதைப் பற்றி ஒன்று சொல்வாள், உனக்கும் கேட்டிருக்கும். "ஊரான் வீட்ல ஓனர் மாதிரி காலை நீட்டிக்கிட்டு இருக்காரு. சொந்த வீட்டுக்குப் போனா வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டவா வேணாமான்னு பார்க்குறாரு."

மில்லை விட்டு வந்தபோது கிடைத்த தொகையில் அந்த வீட்டைக் கட்டினேன். கட்டி முடித்ததும் நாமே போயிருக்கலாம். போகவில்லை. உன் கல்லூரி பக்கம், அம்மாவுக்கு மார்க்கெட் பக்கம் என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம், இங்கே நாம் கொடுக்கிற வாடகை. அது எவ்வளவு என்று இன்றைக்கும் வெளியே சொல்ல எனக்கு வெட்கம். அந்தக் காலத்துச் சட்டம் வாடகையை ஏற விடாது, நம்மை எழுப்பவும் விடாது. அந்தச் சட்டம் எனக்கு இன்னொரு அப்பா மாதிரி இருந்தது. மூலக்குளத்தில் நானே ஓனரான பிறகு அதே சட்டம் மாமியார் மாதிரி ஆகிவிட்டது.

செல்வராசுவை வைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் எலக்ட்ரீஷியன், நல்ல மனுஷன். பத்திரம் எழுதுகிறவரிடம் போனால் அவருக்கு வேறு காசு அழ வேண்டுமே என்று, நம் வீட்டு ஓனர் எனக்கு எழுதிக் கொடுத்திருந்த பழைய ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் மாற்றி, வரி விடாமல் அப்படியே காப்பி அடித்தேன். பரீட்சையில் அடிக்கத் தெரியாத காப்பியை ஐம்பது வயதுக்கு மேல் அடித்தேன். அழகான கையெழுத்தில், முழு வெள்ளைத் தாளில், இரண்டு பிரதி. அந்த ஒப்பந்தம் குடித்தனக்காரனாக நான் மல்லுக்கட்டி வாங்கியது, அதில் உள்ளதெல்லாம் குடித்தனக்காரனுக்குத்தான் சாதகம் என்பது எழுதும்போது என் மண்டையில் ஏறவே இல்லை. பேனா ஓனர் கையில் இருக்கிறது, படிக்கிற கண் மட்டும் குடித்தனக்காரன் கண்.

புரட்டாசியில் போய் செல்வராசுவிடம் விஷயத்தைச் சொன்னேன். பையனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும், மார்கழிக்குள் விட்டால் வெள்ளையடித்துக்கொள்வேன் என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார். மல்லிகா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். ரேஷன் கார்டு, மகளின் பிறப்புச் சான்றிதழ், அவற்றுக்கு நடுவே என் தாள். செல்வராசு அதை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"அண்ணே, இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான்."

"அஞ்சாவது நிபந்தனையைக் கொஞ்சம் படிங்கண்ணே. எனக்குக் கண்ணாடி இல்ல."

கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. நானே படித்தேன். 'குடியிருப்பவரின் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் காலம் வரை, பள்ளி ஆண்டின் நடுவில் வீட்டைக் காலி செய்யச் சொல்வதில்லை. கேட்பதானால் மே மாதத்தில் மட்டுமே கேட்பது.' மகள் கவிதா இந்த வருஷம் பிளஸ் டூ. உள்ளறையில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தவள் நான் படிக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டாள். காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் காபி.

அந்த ஐந்தாவது நிபந்தனை எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்காது. நீ மூன்றாவது படிக்கும்போது நாம் உழவர்கரைப் பக்கம் ஒரு போர்ஷனில் இருந்தோம். கார்த்திகை மாத மழையில் காலி பண்ணச் சொன்னார்கள். புதிதாகப் போன இடத்தில் நடு வருஷத்தில் எந்தப் பள்ளியிலும் இடமில்லை. அரை வருஷம் நீ வீட்டிலேயே இருந்தாய். யூனிபார்மைப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்திருப்பாய். அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். அடுத்த வருஷம் இந்த மிஷன் வீதி வீட்டைக் கேட்டு வந்தபோது ஓனரிடம் ஒரே பிடியாக நின்றேன். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், பிரெஞ்சில் 'ஐயா' என்கிற மாதிரி முசே என்றுதான் தெருவே கூப்பிடும். "என்னய்யா, வீடு கேட்க வந்தியா, பள்ளிக்கூடம் நடத்த வந்தியா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார்.

அப்புறம் நீ பத்தாவது படித்த வருஷம் முசே தன் மகள் கல்யாணத்துக்காக இந்த வீட்டைக் கேட்டார். நான் ஐந்தாவது நிபந்தனையைக் காட்டினேன். கூடவே வாடகைச் சட்டம் பற்றிக் கேள்விப்பட்டது, கேள்விப்படாதது எல்லாவற்றையும் சேர்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினேன். முசே தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அதோடு சரி, திரும்பக் கேட்கவில்லை. சட்டத்தைச் சொல்லி ஒரு பட்டாளத்துக்காரரையே ஓட விட்டேன் என்று பன்னிரண்டு வருஷமாக நான் சொல்லாத ஆள் இல்லை. உன்னிடமே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம் நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சட்டத்தையே மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஒப்பந்தம் முடிந்தால் வீட்டை விட்டே ஆக வேண்டும், ஓனர் கேட்டால் கோர்ட்டில் வருஷக்கணக்கில் இழுக்க முடியாது என்று புதிதாக வருமாம். ஐப்பசியில் குடியிருப்போர் எல்லாம் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இருபது வருஷக் குடித்தனக்காரன் என்று என்னையும் மேடையில் ஏற்றினார்கள். முசேயை ஓட விட்ட கதையைச் சொன்னேன். "தண்ணியை நிறுத்துறவன், கரண்டைப் புடுங்குறவன் ஓனர் இல்ல, கொடுமைக்காரன்!" என்றேன். கை வலிக்கக் கை தட்டினார்கள். மறு வாரம் உழவர்கரையில் வீட்டு உரிமையாளர்கள் கூட்டம். அதற்கும் போனேன். ஒரு விதவை அம்மா எழுந்து, தன் ஒரே வீட்டில் குடியிருப்பவர் பதினாறு வருஷமாக விடவில்லை, தான் தங்கை வீட்டுச் சமையலறையில் படுத்திருக்கிறேன் என்று அழுதாள். நானும் கண் துடைத்தேன், நானும் கை தட்டினேன். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மைக் செட். வெளியே வரும்போது ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த ஆள் என்னைப் பார்த்து, "என்னா நைனா, போன வாரம் அந்தப் பக்கம் முழங்குனீங்க, இந்த வாரம் இங்க? அடுத்த கூட்டம் எந்தப் பக்கம்னு சொன்னா ஸ்பீக்கரை அங்க திருப்பி வைப்பேன்" என்றான். நான் சிரித்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவின் வீட்டில் இருக்கிற பதினாறு வருஷக்காரனும் என்னை மாதிரி ஒருத்தனாகத்தானே இருப்பான்?

உன் யோசனைப்படி வக்கீலையும் பார்த்தேன். தாளை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். "ஸ்டாம்ப் பேப்பர் இல்ல, பதிவு இல்ல. கோர்ட்ல இது நிக்காதுங்க. பஜ்ஜி மடிச்சுக் கொடுக்கலாம்" என்றார். சொந்த உபயோகம் என்று மனுப் போடலாம், ஆனால் கல்யாணத்துக்குள் முடியாது, பேரன் கல்யாணத்துக்குள் முடியலாம் என்றார். எழுந்திருக்கும்போது, "மோட்டார் ரிப்பேர்னு ரெண்டு நாள் வைங்க. அவங்களா புரிஞ்சுப்பாங்க" என்று ரகசியம் மாதிரி சொன்னார்.

இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. வைத்தேன். மோட்டார் மீட்டர் பெட்டி வெளியில்தான் இருக்கிறது, சாவி என்னிடம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பக்கம் போகிறவன் மாதிரி போய், பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தண்ணியை நிறுத்துகிறவன் கொடுமைக்காரன் என்று மைக்கில் கத்திப் பத்து நாள்கூட ஆகவில்லை. அன்று மாலை செல்வராசு போன் பண்ணினார். திட்டப் போகிறார் என்று காதைத் தள்ளி வைத்துக்கொண்டேன். "அண்ணே, மோட்டார் ஓடல. பியூஸ் கட்டையை எவனோ திருடிட்டுப் போயிட்டான் போல. நீங்க வெயில்ல அலையாதீங்க, நான் வேற ஒண்ணு வாங்கி மாட்டிக்கிறேன். பெட்டி சாவியை மட்டும் யார்கிட்டயாவது குடுத்து விடுங்க." அவர் எலக்ட்ரீஷியன், தம்பி. பூட்டிய பெட்டிக்குள் எந்தத் திருடன் வருவான் என்று அவருக்குத் தெரியாதா? மறுநாள் காலையில் நானே போனேன். கவிதா பக்கத்து வீட்டிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். இன்னொரு கையில் விரித்தபடி புத்தகம். "வாங்க பெரியப்பா" என்றாள். பியூஸ் கட்டையை மாட்டினேன். மல்லிகா காபி கொண்டுவந்தாள். எந்தத் தண்ணியில் போட்ட காபி என்று தெரிந்தே குடித்தேன். குடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் கேவலம்.

போன வாரம் லூயி வந்தான். முசேயின் மகன், பிரான்சிலேயே இருப்பவன், கிறிஸ்மசுக்கு வந்திருக்கிறான். முசே போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீடு அவன் பேரில். அவன் படியேறி வரும்போதே, வீட்டைக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். உன் அம்மா முறுக்கு வைத்தாள். அவன் சுவரையெல்லாம் பார்த்தான், ஜன்னல் கட்டையைத் தடவினான், கேட்கவே இல்லை. பயத்தில் வாய் சும்மா இருக்காதே, நான் பழைய கதையை எடுத்தேன். "உங்கப்பா ஒரு தடவை இந்த வீட்டைக் கேட்டாரு, சட்டம் பேசியே நிறுத்திட்டேன்ல!" என்றேன்.

லூயி முறுக்கைக் கீழே வைத்தான். "சட்டமா? இல்ல மாமா. அப்போ நான் சின்னப் பையன், ஆனா நல்லா ஞாபகம் இருக்கு. பாப்பாகிட்ட, அதான் அப்பாகிட்ட, வக்கீல் சொன்னாரு, அந்தப் பேப்பர் செல்லாது, பதிவே பண்ணல, காலி பண்ண வச்சுடலாம்னு. அக்காகூட அழுதுச்சு. பாப்பா ஒரே வார்த்தைதான் சொன்னாரு. 'பேப்பர் செல்லாதுதான், நான் போட்ட கையெழுத்துமா செல்லாது? அந்தப் பையன் பரீட்சை எழுதட்டும்'னு. அக்காவும் மச்சானும் எட்டு மாசம் குருசுக்குப்பத்துல வாடகை வீட்லதான் இருந்தாங்க. அப்புறம்தான் பிரான்சுக்கு வந்தாங்க. பாப்பாவும் அதோட இந்த வீட்டைக் கேக்குறதை விட்டுட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக நான் ஜெயித்ததாக ஊரெல்லாம் சொன்ன கேசில் எதிராளி ஆடவே இல்லை. அந்தப் பையன் நீதான். நீ பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினாய், தெருவுக்கெல்லாம் சாக்லெட் கொடுத்தோம், முசேவுக்கும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு உன் தலையில் கை வைத்தாரே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். மகள் பிரான்சுக்குப் போன பிறகும் சொல்லவில்லை. நானும் அந்த மே மாதமே போய், "முசே, பரீட்சை முடிந்தது, வீடு உங்களுக்கு இப்போது வேண்டுமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நிபந்தனையின் முதல் பாதியை மட்டும் படித்துக்கொண்டு பன்னிரண்டு மே மாதங்களைத் தாண்டிவிட்டேன்.

சட்டத் திருத்தத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். 'நீங்கள் வீட்டு உரிமையாளரா? குடியிருப்பவரா? உரிய கட்டத்தில் டிக் செய்யவும்.' இரண்டிலும் டிக் செய்தேன். கவுண்டரில் இருந்தவர், "இப்படிப் போடக் கூடாதுங்க, ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்க" என்றார். "எந்தப் பக்கம் நின்னாலும் எதிர்ல நானே நிக்கிறேன் சார்" என்றேன். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, வேறு தாள் கொடுத்து அனுப்பினார். அது இன்னும் வெறுமனே என் மேசையில் கிடக்கிறது. பழைய சட்டம் இருந்தால் அந்த விதவை அம்மா சமையலறையிலேயே இருப்பாள், என்னைப் போல ஆட்கள் ஊரான் வீட்டில் காலை நீட்டிக்கொண்டிருப்பார்கள். மூலக்குளத்தில் நம் எதிர்வீட்டுக்காரர் வாடகைக்கு விடப் பயந்துகொண்டு மாடியைப் பூட்டியே வைத்திருக்கிறார். புதுச் சட்டம் வந்தால், கார்த்திகை மழையில் யூனிபார்மோடு வாசல்படியில் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்குமோ! எது சரி என்று என்னைக் கேட்காதே. எல்லா ஓனரும் முசே இல்லை என்பதற்குத்தான் சட்டம் வேண்டும். எல்லாக் குடித்தனக்காரனும் செல்வராசு இல்லை என்பதற்கும் சட்டம் வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எப்படி எழுதுவது என்று படித்த நீ யோசித்துச் சொல். எனக்கு ஓடவில்லை.

இனி உன் கேள்விக்குப் பதில். வீடு காலி ஆகவில்லை. தைக்குள் ஆகாது. திங்கட்கிழமை மூலக்குளம் போய், மே மாதம் வரைக்கும் கேட்க மாட்டேன் என்று செல்வராசுவிடம் சொல்லிவிட்டேன். பியூஸ் கட்டையை யார் எடுத்தது என்பதையும் சொன்னேன். "தெரியும்ணே. அதுக்குத்தான் சாவி கேட்டேன், நீங்களே வருவீங்கன்னு" என்றார். மே முப்பத்தொன்றாம் தேதி அவரே சாவியைத் தருவதாகச் சொன்னார். எழுதி வாங்கவில்லை. நீ திட்டுவாய் என்று தெரியும்.

செவ்வாய்க்கிழமை உன் மாமனாரிடம் போய், கேசரியோடு விழுங்கியதை வெளியே எடுத்தேன். செல்வராசு மகளுக்குப் பரீட்சை, மே வரைக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேரும் எங்களோடு மிஷன் வீதியில்தான் இருக்க வேண்டும், அதுவும் வாடகை வீடு என்றேன். அவர் எழுந்து காலண்டரில் மே மாதத்தைத் திருப்பிப் பார்த்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ங்க" என்றார். உள்ளேயிருந்து உன் வருங்கால மனைவி வந்து, "அந்தப் பொண்ணு என்ன குரூப் மாமா? என் பயாலஜி நோட்ஸ் சும்மாதான் கிடக்கு, வேணுமான்னு கேளுங்க" என்றது. அந்தப் பெண் அதைக் கோபத்தில் சொன்னதா, நல்ல மனசில் சொன்னதா என்று எனக்குப் பிடிபடவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உள்ளறையை உங்களுக்கு ஒழித்தாகிவிட்டது. என் கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது, காலை நீட்டினால் உன் அம்மாவின் தையல் மிஷினில் இடிக்கிறது. லூயி ஊருக்குத் திரும்பும் முன் நேற்றுப் பார்த்து, மே முடிந்ததும் இந்த வீட்டை விட்டுவிடுகிறோம் என்றேன். "நான் கேட்கலையே மாமா" என்றான். "கேட்காததுக்குத்தான்பா" என்றேன். அவனுக்குப் புரிந்ததோ என்னவோ, கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான்.

ஆக, மே மாதக் கடைசியில் நாம் நாலு பேரும் மூலக்குளத்தில். உன் அம்மாவிடமும் பேசிவிட்டேன், அந்த வீட்டை இப்போதே உன் பேருக்கு எழுதி வைத்துவிடுகிறேன். இந்தத் தடவை ஸ்டாம்ப் பேப்பரில், பதிவோடு. அதற்குப் பிறகு நீ ஓனர், நாங்கள் குடித்தனக்காரர்கள். எங்களிடம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கிடையாது, ஐந்தாவது நிபந்தனை எங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் ஒருநாள் கேட்கிறதானால் மழைக்காலமாகப் பார்த்துக் கேட்காதே. உன் அம்மாவுக்கு முட்டி வலி.

அப்பா